டென்னிஸ் பந்தயமும் பெண்ணடிமையும்

டென்னிஸ் என்பது துரைமார்களும் சீமான்களும் பொழுதுபோக்குக்காக ஆடி வந்த ஆட்டம். அதைப் பற்றிச் சுயமரியாதைப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கின்றது என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். சாதியைப் பற்றியும், சாமியைப் பற்றியும், சடங்கைப் பற்றியும் எழுத வேண்டியது மலைபோல் கிடக்கும்போது பந்தடிப்பதைப் பற்றி எழுதுவது காகிதத்துக்குக் கேடு என்றுகூடச் சிலர் நினைக்கலாம். ஆனால் ஒரே களத்தில், ஒரே கூரையின் கீழ், ஆண்களும் பெண்களும் பணப் பரிசுக்காகத் தொழிலாகவே ஆடுகின்ற பந்தயங்கள் உலகத்தில் நடந்து வருகின்றன. அந்தக் காட்சியை ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து பார்த்தால், பெண்ணைப் பற்றி நமது சாஸ்திரங்களும் புராணங்களும் சொல்லிவந்த அத்தனையும் பொய் என்பது யாரும் உபதேசம் செய்யாமலே விளங்கிவிடும். ஆதலால்தான் எழுதுகிறோம்.

ஆட்டமும் களமும்

டென்னிஸ் பார்த்திராத தோழர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. 78 அடி நீளமும், ஒற்றையர் ஆட்டத்துக்கு 27 அடி அகலமும் உள்ள களம். குறுக்கே ஒரு வலை; நடுவில் அதன் உயரம் 3 அடி. வலைக்கு இப்பால் ஒருவரும் அப்பால் ஒருவருமாக நின்று நரம்பு கட்டிய மட்டையால் பந்தை அடிக்க வேண்டும். பந்து கோட்டுக்குள் விழுந்தால் சரி, வெளியில் விழுந்தால் தப்பு. இவ்வளவுதான் ஆட்டத்தின் ஆதாரம். புல்தரையில் ஆடுவார்கள்; மண்தரையில் ஆடுவார்கள்; சிமெண்டு அல்லது தார் போட்டு மேலே வர்ணம் பூசிய கெட்டித்தரையிலும் ஆடுவார்கள்.

இதில் ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். கைப்பந்தாட்டத்தில் ஆண்களுக்கு வலை 2.43 மீட்டர் உயரம், பெண்களுக்கு 2.24 மீட்டர். இரும்புக் குண்டு எறிவதில் ஆணுக்கு 7.26 கிலோ, பெண்ணுக்கு 4 கிலோ. டென்னிஸிலோ களத்தின் நீளம் இருவருக்கும் ஒன்று. வலையின் உயரம் ஒன்று. ஆணுக்கு ஓரிடத்திலும் பெண்ணுக்கு ஓரிடத்திலும் கோடு கிழித்து வைக்கவில்லை. பெண் ஆடிய களத்தைப் புண்ணியாகவாசனம் செய்து சுத்தப்படுத்திய பிறகு ஆண் இறங்குகிற வழக்கமும் அங்கு இல்லை. பெண் ஆடிவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியேறினால் அடுத்த நிமிஷம் ஆண் அதே களத்தில் இறங்குகிறான். தீட்டு என்கின்ற பேச்சுக்கே இடமில்லை.

கூரை போட்டது யார்?

2025-ம் வருஷம் அக்டோபர் கடைசியில் சென்னை நுங்கம்பாக்கத்தில் பெண்களுக்கான உலகப் பந்தயம் ஒன்று நடந்தது. அது திறந்தவெளிக் களம். வடகிழக்குப் பருவமழைக் காலம், மழை கொட்டிற்று, ஆட்டங்கள் தடைப்பட்டன. மழை வேண்டுமென்றால் வருண ஜபம் செய்கிறவர்களும், கழுதைக்குக் கலியாணம் செய்கிறவர்களும் நமது நாட்டில் ஏராளமாய் இருக்கிறார்கள். ஆனால் அன்று மழையை நிறுத்தும்படி வருணனுக்கு ஒரு கட்டளை அனுப்ப அவர்களில் ஒருவராலும் முடியவில்லை. மழை தானாகவே விட்டபின் தரையைத் துடைத்து ஆடினார்கள். நவம்பர் 2-ந் தேதி இந்தோனேசியாவைச் சேர்ந்த ஜேனிஸ் ஜென் என்ற பெண் வெற்றி பெற்றாள்.

மழைக்கும் வெயிலுக்கும் பயப்படாமல் ஆட வேண்டும் என்று நினைத்த மேல்நாட்டார் ஜபம் செய்துகொண்டிருக்கவில்லை, கூரை போட்டார்கள். லண்டனில் விம்பிள்டன் நடுக்களத்துக்குக்கூட 2009-ல் திறந்து மூடும் கூரை போட்டுவிட்டார்கள். மாஸ்கோவில் கிரெம்ளின் கோப்பை என்ற பந்தயம் 1990-ல் ஆண்களுக்கென்று கூரையின் கீழ் ஆரம்பித்து, 1996 முதல் பெண்களையும் சேர்த்துக்கொண்டு 2021 வரை நடந்தது. நமது நாட்டிலும் கல்கத்தாவில் நேதாஜி உள்ளரங்கத்தின் கெட்டித்தரையில் 2005 முதல் 2007 வரை மூன்று வருஷம் பெண்களின் உலகப் பந்தயம் நடந்திருக்கின்றது. டில்லி இந்திரா காந்தி உள்ளரங்கத்தில் 2014 டிசம்பரில் ஆணும் பெண்ணும் கலந்த அணிகள் ஆடின. ஸ்விட்சர்லாந்தின் ரோஜர் பெடரரும் ஐதராபாத்தின் சானியா மிர்சாவும் அங்கு ஒரே பக்கத்தில் நின்று ஜோடியாக ஆடினார்கள். ஆயிரக்கணக்கான ஜனங்கள் பார்த்தார்கள். உலகம் பிரளயத்தில் மூழ்கிவிடவில்லை; யாருடைய கற்பும் கெட்டுவிடவில்லை.

கூரையின் கீழ் ஆடுவதில் ஒரு விசேஷம் உண்டு. காற்று திசை மாறிற்று, வெயில் கண்ணில் பட்டது என்று சாக்குச் சொல்ல முடியாது. ஆடுகிறவரின் பயிற்சியும், புத்தியும், மன உறுதியுமே மிஞ்சி நிற்கும். தலைவிதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அங்கு இடம் மிகவும் குறைவு.

பலவீனம் என்னும் பொய்

“இருந்தாலும் பெண் பலவீனமானவள்தானே? ஆண்கள் பெரிய பந்தயங்களில் ஐந்து செட்டு ஆடுகிறார்கள், பெண்கள் மூன்றுதானே ஆடுகிறார்கள்?” என்று கேட்கக்கூடிய புத்திசாலிகள் இருக்கிறார்கள். இந்தக் கேள்விக்குச் சரித்திரம் நல்ல பதில் வைத்திருக்கிறது.

அமெரிக்க தேசத்துப் போட்டியில் 1891 முதல் 1901 வரை பெண்களும் கடைசி ஆட்டத்தை ஐந்து செட்டுக் கணக்கில்தான் ஆடினார்கள். 1901-ல் எலிசபெத் மூர் என்ற பெண் அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு ஐந்து செட்டு ஆட்டம், ஆக மொத்தம் 105 கேம்கள் ஆடி வென்றாள். அதைப் பார்த்து, “பெண்களால் முடிகிறது” என்றல்லவா சங்கத்து ஆண்கள் சொல்லியிருக்க வேண்டும்? அடுத்த வருஷமே, பெண்களுக்கு மூன்று செட்டு போதும் என்று குறைத்துவிட்டார்கள். ஆடி வென்ற மூரே அதை ஆட்சேபித்தாள், யாரும் கேட்கவில்லை. பிறகு 1984-ல் பெண்களின் வருஷாந்தரப் பந்தயத்தின் கடைசி ஆட்டத்துக்கு மறுபடியும் ஐந்து செட்டு என்று வைத்தார்கள். 1990-ல் நியூயார்க்கில் மாடிசன் சதுக்க அரங்கத்தின் கூரைக்குக் கீழே மோனிகா செலஸ் என்ற 16 வயதுப் பெண், கேப்ரியலா சபாட்டினியுடன் ஐந்து செட்டும் முழுக்க ஆடி வென்றாள். 16 வயது என்பதைத் தோழர்கள் மறந்துவிடக் கூடாது.

இதிலுள்ள தந்திரம் நமக்குப் புதிதல்ல. முதலில், “நீ இவ்வளவுதான் ஆடலாம்” என்று ஆண் சட்டம் செய்வான். பிறகு, “நீ இவ்வளவுதானே ஆடுகிறாய்?” என்று அவனே கேட்பான். படிக்கக் கூடாதென்று சட்டம் செய்துவிட்டு, “இவர்களுக்குப் படிப்பு வராது” என்று சொன்ன வருணாசிரமக்காரர்களின் தந்திரத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டா? காலைக் கட்டிவிட்டு ஓடத் தெரியவில்லை என்று சொல்லுவதுதான் உலகத்திலுள்ள எல்லா உயர்சாதியாரும், எல்லாப் புருஷ ஆதிக்கக்காரரும் கையாண்டு வந்த முறை.

நிற்க. நாம் உண்மைக்கு விரோதமாய்ப் பேச வேண்டியதில்லை. முதல்தர ஆண் ஆட்டக்காரன் அடிக்கின்ற பந்தின் வேகம் முதல்தரப் பெண் அடிப்பதைவிட அதிகம்தான். 1973 மே மாதத்தில் பாபி ரிக்ஸ் என்ற 55 வயது பழைய ஆட்டக்காரர் மார்கரெட் கோர்ட் என்ற பெரிய ஆட்டக்காரியைத் தோற்கடித்துவிட்டு, பெண்கள் ஆட்டமெல்லாம் ஆட்டமா என்று பரிகாசம் செய்தார். அதே வருஷம் செப்டம்பர் 20-ந் தேதி ஹூஸ்டன் நகரத்து ஆஸ்ட்ரோடோம் என்ற பெரிய உள்ளரங்கத்தில், 30,472 பேர் முன்னிலையில், 29 வயது பில்லி ஜீன் கிங் அவரை 6-4, 6-3, 6-3 என்று நேராகவே தோற்கடித்தாள். ஒரு கிழவரை ஒரு வாலிபப் பெண் ஜெயித்ததால் பெண்கள் எல்லோரும் ஆண்களைவிடப் பலசாலிகள் என்று நாம் சொல்லவில்லை. நாம் கேட்பது இது: பலம் அதிகம் என்பதற்கும் உரிமை அதிகம் என்பதற்கும் என்ன சம்பந்தம்? பலத்தைக்கொண்டு உரிமையைப் பங்கிடுவதானால் யானைக்கல்லவா முதல் பங்கு கொடுக்க வேண்டும்? நமது வீட்டு ஆண்களில் எத்தனை பேர் அந்தப் பில்லி ஜீன் கிங்கோடு நின்று ஒரே ஒரு கேமாவது ஜெயித்திருப்பார்கள்? அப்படியிருக்க, எங்கோ ஒரு ஆண் பலசாலியாக இருக்கிறான் என்பதற்காக, மூன்று மாடிப்படி ஏறினால் மூச்சிரைக்கின்ற புருஷன்கூடத் தன் மனைவியை அடக்கியாள உரிமை உண்டென்று நினைப்பது எவ்வளவு பெரிய வேடிக்கை!

கூலி வித்தியாசம்

பலத்தைக் காட்டி உரிமையைப் பிடுங்கியவர்கள் கூலியையும் சும்மா விடவில்லை. 1970-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் நடக்கவிருந்த ஒரு பந்தயத்தில் ஜெயிக்கின்ற ஆணுக்கு 12,500 டாலர் என்றும், ஜெயிக்கின்ற பெண்ணுக்கு 1,500 டாலர் என்றும் அறிவித்தார்கள். அதாவது பெண்ணைவிட ஆணுக்கு எட்டு மடங்குக்கு மேல். ஒன்பது பெண்கள் இதை ஏற்க மாட்டோம் என்று வெளியேறி, ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனியாகப் பந்தயம் நடத்தினார்கள். சங்கம் அவர்களைத் தள்ளிவைப்பதாய்ப் பயமுறுத்திற்று. அவர்கள் பயப்படவில்லை. அதன் பலனாக 1973-ல் பெண்களுக்கென்று சங்கம் ஏற்பட்டது. அதே வருஷம் அமெரிக்கத் திறந்த பந்தயம் சமமான பரிசு கொடுத்தது. நாகரிகத்துக்கும் நீதிக்கும் பிறப்பிடம் என்று சொல்லிக்கொள்ளும் விம்பிள்டனுக்கு அந்த நீதி புரிய 2007 வரை பிடித்தது. சின்னப் பந்தயங்களில் இன்னமும் புரியவில்லை. சென்னையில் நடந்தது போன்ற 250 தரப் பந்தயங்களில், அதே தரத்து ஆண்கள் பந்தயத்தின் பரிசுத் தொகை பெண்களுடையதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. பெரிய கூட்டுப் பந்தயங்களில் 2027-க்குள்ளும் மற்றப் பெரிய பந்தயங்களில் 2033-க்குள்ளும் பரிசுத் தொகையைச் சமப்படுத்தப் போவதாகப் பெண்கள் சங்கம் 2023-ல் அறிவித்திருக்கின்றது.

டாலர் கணக்கு நமக்கெதற்கு என்று கேட்க வேண்டாம். வேப்பம்பட்டில் கட்டடம் கட்டுகின்ற இடத்தில் போய்ப் பாருங்கள். செங்கல் சுமப்பதும், கலவை சுமப்பதும் பெண். முப்பது வருஷம் சுமந்தாலும் அவள் சித்தாள்தான். நேற்று வந்த பையன் நான்கு வருஷத்தில் கரணையைப் பிடித்துக் கொத்தனாராகிவிடுகிறான், கூலியும் உயர்ந்துவிடுகிறது. அவள் கையில் கரணையைக் கொடுத்துப் பார்த்தவர் யார்? சம வேலைக்குச் சமக் கூலி என்று இந்த நாட்டில் 1976-லேயே சட்டம் செய்தார்கள். ஆகவே வேலையையே சமமாகக் கொடுக்காமல் இருந்துவிட்டால் சட்டமும் மீறப்படாது, கூலியும் மிச்சம் என்று கண்டுபிடித்துவிட்டார்கள் போலும்! ஒரு டாலருக்குக் கையெழுத்திட்ட அந்த ஒன்பது பெண்களின் சங்கதியை நமது சித்தாள் தாய்மார்கள் அறிய வேண்டும் என்பதே நமது ஆசை.

உடுப்பும் மதமும்

இனி மதத்தின் கைங்கரியத்தைப் பார்ப்போம். ஒரு காலத்தில் மேல்நாட்டிலும் பெண்கள் கணுக்கால் மூடிய பாவாடையும், இடுப்பை இறுக்கிய கச்சும் அணிந்துதான் டென்னிஸ் ஆட வேண்டியிருந்தது. 1919-ல் பிரான்ஸ் தேசத்து சூசன் லெங்லென் கைகள் தெரிய, பாவாடையைக் குட்டையாக்கி விம்பிள்டனில் இறங்கியபோது பெரிய மனிதர்கள் முகஞ்சுளித்தார்கள். அவள் ஜெயித்தாள். பிறகு எல்லோரும் அப்படியே உடுத்தினார்கள்.

அதற்கு 86 வருஷத்துக்குப் பின், 2005 செப்டம்பரில், சானியா மிர்சா என்ற 18 வயதுப் பெண் அணியும் ஆட்ட உடுப்பு மதத்துக்கு விரோதமானது என்று ஒரு முஸ்லிம் மதவாதி ‘பத்வா’ சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. அந்த மாதமே கல்கத்தாவின் உள்ளரங்கப் பந்தயத்துக்கு அவள் வந்தபோது போலீஸ் பந்தோபஸ்து போட வேண்டியதாயிற்று. பந்தை அடிக்க வந்த பெண்ணைப் பக்தர்களிடமிருந்து காப்பாற்றப் போலீஸ்! அவள் அதற்காக ஆட்டத்தை விட்டுவிடவில்லை. 2015-ல் இரட்டையர் ஆட்டத்தில் உலகத்திலேயே முதலிடம் பெற்றாள்.

இதைப் படித்துவிட்டு நமது இந்து சகோதரர்கள் சிரித்துக்கொள்ள வேண்டாம். திருவாங்கூர் சமஸ்தானத்தில் நாடார் பெண்கள் மேலாடை அணியக் கூடாதென்று அடித்து இழுத்தவர்கள் யார்? பல வருஷம் போராடி, 1859-ல்தான் மார்பை மூடிக்கொள்ளும் உத்தரவை அவர்கள் பெற்றார்கள். ஓரிடத்தில் மூடு என்கிறது மதம். ஓரிடத்தில் மூடாதே என்கிறது சாதி. இரண்டிலும் பெண்ணின் துணிக்கு எஜமான் பெண் அல்ல என்பதொன்றே தத்துவம். வெப்பத்துக்கும் வேலைக்கும் தக்கபடி, தனக்கு வசதியானதைத் தானே உடுத்துவது என்பது மனிதனுக்குள்ள சாதாரண சுதந்திரம். அதைப் பெண் கேட்டால் மட்டும் எல்லா மதத்துக் கடவுள்களுக்கும் ஒரே சமயத்தில் கோபம் வருகின்றது!

தோழர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அதே 2005 செப்டம்பர் 9-ந் தேதிதான், இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போல் பங்கு உண்டு என்ற திருத்தச் சட்டம் நாடு முழுவதற்கும் அமுலுக்கு வந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் செய்தது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரையிலும், நாடு முழுவதும் சட்டமாக 2005 வரையிலும் காத்திருக்க வேண்டியதாயிற்று. இளமையில் தகப்பனுக்கும், பிறகு புருஷனுக்கும், கடைசியில் மகனுக்கும் பெண் அடங்கியிருக்க வேண்டும் என்ற மனுவின் விதியை அசைக்க அவ்வளவு காலம் பிடித்தது. சட்டத்தில் அசைந்தது, வீட்டில் அசைந்ததா?

வேப்பம்பட்டுப் பெண்

இப்பொழுது நமது ஊருக்கு வருவோம். 2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கத்தில் நடந்த பந்தயத்தில் செக் நாட்டு லிண்டா புருவிர்தோவா என்ற பெண் ஜெயித்தாள். அவளுக்கு வயது 17. எதிரில் ஆடிய போலந்து நாட்டு மக்டா லினெட்டுக்கு வயது 30. திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவில் ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கி நேராகப் போய்ச் சேரக்கூடிய இடத்தில்தான் இது நடந்தது.

அந்த 17 வயதுப் பெண் உலகத்தைச் சுற்றிவந்து கோப்பையைத் தூக்கிய ஊருக்குப் பக்கத்தில், நமது 13 வயதுப் பெண்ணுக்கு என்ன செய்கிறோம்? நேற்றுவரை பள்ளி மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த குழந்தை பெரியவளானாள் என்றதும் ஒரு மூலையில் உட்காரவைக்கிறோம். தனித் தட்டு, தனிப் பாய். பிறகு மண்டபம் பிடித்து, தெருவெல்லாம் அவளுடைய படத்தைப் போட்டு விளம்பரப் பலகை கட்டி, மஞ்சள் நீராட்டு விழா என்று ஊரைக் கூட்டிச் சீர் வாங்குகிறோம். உடம்பில் இயற்கையாய் ஏற்படுகின்ற ஒரு மாறுதலைத் தெருவுக்குப் பறையறைந்து சொல்லிவிட்டு, அடுத்த நாள் முதல், “இனிமேல் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, பையன்களோடு பேசக் கூடாது” என்று உத்தரவு போடுகிறோம். மட்டை பிடிக்க வேண்டிய வயதில் அவளைப் பிடித்து மணையில் உட்காரவைத்துவிட்டு, இந்த நாட்டுப் பெண்கள் உலகப் பந்தயங்களில் ஏன் ஜெயிக்கவில்லை என்று டீக்கடையில் உட்கார்ந்து விசாரப்படுகிறோம்! 1998-ல் ஆஸ்திரேலியப் பெரும் பந்தயத்தில் முதல் சுற்றை ஜெயித்த நிருபமா வைத்தியநாதன் நமது கோயமுத்தூர்ப் பெண்தான். ஆகவே தமிழ் இரத்தத்தில் பந்தடிக்கும் சக்தி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. குறைவு இரத்தத்தில் இல்லை, வழக்கத்தில் இருக்கின்றது.

“மட்டைக்கும் களத்துக்கும் பணத்துக்கு எங்கே போவது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். டென்னிஸ் இன்றைக்கும் பணமுள்ளவர் ஆட்டமாக இருப்பதை நாம் மறைக்கவில்லை. பெரிய கிளப்புகளின் வாசலில் பிறப்பைக் கேட்காவிட்டாலும் பையைக் கேட்கிறார்கள். ஆனால் நமது ஊர்களில் கும்பாபிஷேகம் என்றால் வீட்டுக்கு வீடு வரி போட்டு வசூல் ஆகிறதே, ஆடி மாதம் கூழுக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் வாணவேடிக்கைக்கும் பணம் வருகிறதே, அது எங்கிருந்து வருகின்றது? அந்தப் பணத்தில் ஒரு வருஷத்துப் பங்கை எடுத்து வைத்தால் ஒரு சிமெண்டுத் தரையும், இரண்டு கம்பமும், ஒரு வலையும், மேலே தகரக் கூரையும் போட முடியாதா? கூரை இருந்தால் மழைநாளிலும் வெயில்நாளிலும் குழந்தைகள் ஆடலாம். விளக்குப் போட்டால் வேலைக்குப் போய் வருகின்ற பெண்களும் இரவில் ஆடலாம். டென்னிஸ்தான் ஆட வேண்டும் என்பதில்லை; பூப்பந்து ஆடட்டும், கைப்பந்து ஆடட்டும், சடுகுடு ஆடட்டும். அந்தக் கூரையின் கீழ் நுழைய ஆணா பெண்ணா, என்ன தெரு, என்ன சாதி என்று கேட்காமல் இருந்தால் போதும்.

அது முடிகிறவரையில் பணமே இல்லாமல் செய்யக்கூடிய காரியங்களும் உண்டு. ஊர் மைதானத்தில் மாலை ஒரு மணி நேரம் பெண் குழந்தைகளுக்கென்று விடுங்கள். அந்த நேரத்தில் மைதானத்து ஓரம் நின்று வேடிக்கை பேசுகின்ற வாலிபர்களைச் சுயமரியாதைத் தோழர்களே கண்டித்து அனுப்புங்கள். பெண் பெரியவளானால் மஞ்சள் நீராட்டு விழா வைக்காதீர்கள், மூலையில் உட்காரவைக்காதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு ஜோடி நல்ல பூட்ஸும், ஒரு மட்டையும் வாங்கிக் கொடுங்கள். வெட்கப்பட வேண்டியது என்ன, பெருமைப்பட வேண்டியது என்ன என்பதை அந்தக் குழந்தை அன்றைக்கே கற்றுக்கொள்ளும்.

நமது இயக்கத்தில் உள்ளவர்களிலேயே மேடையில் பெண்ணுரிமை பேசிவிட்டு, வீட்டில் பாட்டி சொன்னாள் என்று சடங்கு செய்கின்றவர்கள் இல்லாமலில்லை. அப்படிப்பட்ட தோழர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். பந்து கோட்டுக்குள் விழுந்ததா வெளியில் விழுந்ததா என்பதைப் போலத்தான் இதுவும். நடுவில் விழுந்தது என்று சொல்ல ஒரு இடமில்லை. பெண் சமமா, இல்லையா? சமம் என்றால் அவளை மைதானத்துக்கு அனுப்புங்கள்.